திருவானைக்காவல் குறித்த இணைய ஆய்வுக் கட்டுரைகளும் தேடுபொறி அட்டவணையாக்கமும்

திறவுச்சொற்கள்: ஏ.எம்.பி., தேடுபொறி, ஒருங்குறி, ஊர்ப்பெயர், திருவானைக்காவல்

முன்னுரை

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவில், திருவரங்கத்தை அடுத்து அமைந்துள்ளது திருவானைக்காவல். ஐம்பூதத் தலங்களுள் நீர்த்தலமான இது, தேவாரத்தில் திருவானைக்கா எனவும், பேச்சு வழக்கில் திருவானைக்கோவில் எனவும், வடமொழி வழக்கில் ஜம்புகேசுவரம் எனவும் சுட்டப்படுகிறது. இத்தகைய ஊர் பற்றிய கட்டுரை இணையத்தில் இருந்தும் தேடுவோர்க்குக் கிட்டாவிடின், அது மேற்கோளாட்சிக்கு வாராது. இதற்குத் தீர்வாகக் கருதப்படும் 'ஏ.எம்.பி.' என்னும் விரைவுக் கைப்பேசிப் பக்கத்தின் பயனையும் எல்லையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஏ.எம்.பி. அமைப்பு

கூகுள் இதனை 2015 அக்டோபரில் அறிவித்து, 2016 பிப்ரவரியில் தேடல் முடிவுகளில் இணைத்தது. ஜாவாஸ்கிரிப்டுக்குக் கட்டுப்பாடு, படங்களின் நீள அகலத்தை முன்னரே குறித்தல், பாணிக்குறிப்புகளுக்கு அளவு வரம்பு ஆகியவற்றால் பக்கம் விரைந்து திறக்கிறது. இதனை அமைப்போர் இரு இணைப்புகளைத் தருதல் வேண்டும். மூலப்பக்கத்தின் தலைப்பகுதி ஏ.எம்.பி. வடிவத்தைச் சுட்ட வேண்டும், ஏ.எம்.பி. பக்கம் 'கேனானிக்கல்' இணைப்பால் மூலத்தைச் சுட்ட வேண்டும். இவ்விரண்டும் ஒரே கட்டுரையே என்பதைத் தேடுபொறி இவற்றாலேயே அறிகிறது.

எல்லை

ஏ.எம்.பி. வடிவம் தன்னளவில் தரவரிசையை உயர்த்துவதில்லை. கைப்பேசித் தேடலின் முதன்மைச் செய்திப் பகுதியில் இடம்பெற அது தேவைப்பட்டது. அந்நிபந்தனையும் 2021இல் நீக்கப்பட்டது. ஆகவே ஆய்விதழ்க்கு அதனால் கிடைப்பது வேகம் மட்டுமே. மூலப்பக்கமே விரைந்து திறக்குமாயின் அதன் தேவை குறைகிறது.

எழுத்துக் குறியேற்றம்

தமிழ்க் கட்டுரைகளுக்கு இதனினும் அடிப்படையானது குறியேற்றம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அமைந்த பக்கம் நம் கண்ணுக்குத் தமிழாகத் தோன்றினும், தேடுபொறிக்கு ஆங்கில எழுத்துகளின் கோவையாகவே தெரியும். ஒருங்குறியிலும் ஒரு நுட்பம் உண்டு. 'திருவானைக்கோவில்' என்பதன் 'கோ'வை ககரத்துடன் ஓகாரக்குறி ஒன்றைச் சேர்த்தும், ஏகாரக்குறி, கால் என இரண்டைச் சேர்த்தும் அமைக்கலாம். ஒருங்குறி இரண்டையும் நிகரெனக் கொள்கிறது. எனினும் இயல்பாக்கம் செய்யாத தேடல் மென்பொருள் அவற்றை வெவ்வேறு சொற்களாகவே கொள்ளும். ஆதலின் பதிவேற்றத்திற்கு முன் பனுவலை ஒரே வடிவுக்குக் கொணர்தல் வேண்டும்.

நிறைவுரை

பனுவலை ஒருங்குறியில் தருதல், ஊர்ப்பெயரின் மாற்று வடிவங்களைச் சுருக்கத்திலும் திறவுச்சொற்களிலும் இடம்பெறச் செய்தல், மூலப்பக்கத்தின் சுமையைக் குறைத்தல் ஆகிய மூன்றும் முதற்கண் செய்யத்தக்கவை. ஏ.எம்.பி. இவற்றின் பின்னரே எண்ணத்தக்கது. ஜம்புகேசுவரம் எனத் தேடுபவரும் திருவானைக்கா எனத் தேடுபவரும் ஒரே கட்டுரையை வந்தடைய இவ்வொழுங்கு துணைபுரியும்.