விடுபட்ட ஓர் எண்

சென்ற திங்களில் ஒரு மாலை, தில்லி இரயில்வே குடியிருப்பிலுள்ள நமது இல்லத்துக்குத் திரும்பியபோது, ஏழாம் வகுப்பில் பயிலும் மகள் கண் கலங்கி அமர்ந்திருந்தாள். 360ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள் அனைத்தையும் எழுதுக என்பது வினா. இருபத்து நான்கில் இருபத்து மூன்றை எழுதியிருந்தாள். 72 மட்டும் விடுபட்டுவிட்டது. ஆசிரியர் சுழி இட்டுவிட்டார். பேரேட்டில் ஒரு வரி விட்டுப்போய் மறுநாள் முழுதும் தேடிய அனுபவம் உடைய நமக்கு அது பெருங்குற்றமாகத் தோன்றவில்லை. அவளுக்குச் சொன்னதையே நேயர்களுக்கும் சொல்கிறோம்.

360 சாமானிய எண் அன்று. அதனினும் சிறிய எந்த எண்ணுக்கும் 24 வகுத்திகள் கிடையா. இவ்வாறு, வகுத்திகளின் தொகையில் தனக்கு முற்பட்ட எண்கள் யாவற்றையும் வென்று நிற்கும் எண்களை விரிவாக ஆராய்ந்தவர் கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை இராமானுஜன் ஆவார். 12, 24, 36, 48, 60 ஆகியவையும் இவ்வினத்தனவே. டஜன் கணக்குப் பங்கிட எளிதாயிருப்பது இதனாற்றான்.

1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக அமர்ந்தவர் அவர். மெட்ரிகுலேஷன் தேறி எப்.ஏ.யில் தவறியவர் என்பதை, மெட்ரிகுலேஷனோடு நின்றுவிட்ட நாம் சற்றே உவகையோடு குறிப்பிடுகிறோம்! 1914இல் கேம்பிரிட்ஜ் சென்றார். மறு ஆண்டு லண்டன் கணிதக் கழக வெளியீட்டில் இவ்வெண்களைப் பற்றிய அவரது நீண்ட கட்டுரை வந்தது. 1916இல் அதற்காகவே பட்டமும் பெற்றார். கழகத்தின் பணமுடையால் அன்று அச்சேறாத பிற்பகுதி 1997இல்தான் வெளிவந்தது.

அக்கட்டுரையில் 102 எண்கள் கொண்ட அட்டவணை ஒன்று உண்டு. அதன் இறுதி எண் 67,46,32,83,88,800. இரண்டை ஆறு முறையும், மூன்றை நான்கு முறையும், ஐந்தையும் ஏழையும் இவ்விரண்டு முறையும், 11, 13, 17, 19, 23 ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் பெருக்கினால் இது கிடைக்கும். வகுத்தி ஒன்றை அமைக்கையில் இரண்டை ஒரு முறையும் சேர்க்காமலோ, ஒன்று முதல் ஆறு முறை வரை சேர்த்தோ கொள்ளலாம். ஆக ஏழு வழிகள். மூன்றுக்கு ஐந்து வழிகள். ஐந்துக்கும் ஏழுக்கும் மும்மூன்று. எஞ்சிய ஐந்துக்கும் இவ்விரண்டு. யாவற்றையும் பெருக்க 10,080 வகுத்திகள்! ஒவ்வொன்றாக எழுதிப் பார்க்க வேண்டியதில்லை.

கணிப்பொறி இல்லாத காலத்தில் கையால் இட்ட அந்த அட்டவணையிலும் ஓர் எண் விடுபட்டுள்ளது. அது 2,93,31,86,25,600. அதற்கு 5,040 வகுத்திகள். விந்தை யாதெனில், விடுபட்ட அவ்வெண்ணை 23ஆல் பெருக்கினால் அட்டவணையின் இறுதி எண்ணே வந்துவிடும்.

"இராமானுஜனுமா விட்டார், அப்பா?" என்று கேட்டவள், நம்பாமல் தாளை எடுத்துப் பெருக்கத் தொடங்கினாள். முதல் முறை ஓர் இலக்கம் பிசகிற்று. இரண்டாம் முறை சரியாக வந்தது. பிறகு 360இன் பட்டியலில் 72ஐத் தானே எழுதிச் சேர்த்துக்கொண்டு உண்ண வந்தாள்.