நாய் கடித்தால் காப்பித்தூள் அப்பாதீர்கள்

சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து நாய்க்கடியோடு வருகிறவர்களுக்கு, காயத்தைப் பார்க்குமுன் அதன்மேல் அப்பியிருப்பதைக் கழுவி எடுக்க வேண்டியிருக்கிறது. காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, சில வேளை மிளகாய்த்தூள். கடித்தது போன வாரமாக இருக்கும். "சின்னக் கீறல்தான் டாக்டர், வீங்கிப் போச்சேன்னு வந்தேன்" என்பார்கள். வீக்கத்துக்கு மருந்து உண்டு. வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டிவிட்டால் காப்பாற்ற மருந்தே கிடையாது.

நம் ஊரில்தான் அது இல்லையே?

2013இல் மலேசியா இந்நோயற்ற நாடாக அறிவிக்கப்பட்டது உண்மைதான். 2015இலேயே பெர்லிஸ், கெடா, பினாங்கு நாய்களிடம் அது திரும்பி வந்தது. 2017 ஜூலையில் சரவாக்கின் செரியானில் குழந்தைகள் இறந்தார்கள். அதன்பின் அந்த மாநிலத்தில் 50 பேருக்கும் மேல் பலியாகிவிட்டார்கள். நம் பேரா மாநிலத்தின் வட எல்லையோ இந்நோய் உள்ள தாய்லாந்தைத் தொடுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம்மவர்கள் குலதெய்வக் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் தமிழ்நாடு போகிறார்கள். அங்கே தெருநாயோ கோயில் குரங்கோ கடித்தால், வீடு திரும்பியதும் பார்த்துக்கொள்ளலாம் என்று விமானம் ஏறாதீர்கள். முதல் ஊசியை அங்கேயே போட்டுக்கொண்டு ஊசி அட்டையைக் கொண்டு வாருங்கள். மீதியை இங்கே தொடரலாம்.

குழாயடிதான் முதல் சிகிச்சை

கடித்த உடனே குழாயைத் திறந்து, சவர்க்காரம் போட்டு, 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். பலரும் ஒரு நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். இந்தக் கிருமியைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை இருக்கிறது. சவர்க்காரம் அதைக் கரைத்துக் கிருமியைச் சாகடிக்கும். மிளகாயும் சுண்ணாம்பும் அதைச் செய்யாது. தசையைப் புண்ணாக்கும், தேய்க்கத் தேய்க்கக் கிருமியை உள்ளே தள்ளும். பிறகு அயோடின் மருந்து தடவலாம். இறுக்கிக் கட்ட வேண்டாம். மருத்துவமனையிலும் தாதி முதலில் உங்களைக் குழாயடிக்குத்தான் அழைத்துப் போவார். "ஊசிய போடுங்க மிசி, நேரமாச்சு" என்று அவரிடம் கோபப்படாதீர்கள்.

காதில் விழும் கதைகள்

"எங்க வீட்டு நாய்தானே", "குட்டிதானே", "பல் படல, நகம்தான் கீறுச்சு." தடுப்பூசி போடாத வீட்டு நாய்க்கும் குட்டிக்கும் நோய் வரும். தோல் கிழிந்திருந்தால் கீறலும் கடிதான். புண்ணில் நாய் நக்கினாலும் ஆபத்துதான்.

"10 நாள் நாயப் பார்த்துட்டு வரச் சொன்னாங்க." இப்படிச் சொல்லி எத்தனை பேர் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்! நாயைக் கவனிப்பது ஊசியைத் தொடங்கிய பிறகு. 10 நாளும் நாய் நலமாக இருந்தால் மருத்துவர் ஊசியை நிறுத்தச் சொல்லலாம். ஊசி தேவையா இல்லையா என்பதையும் அவரே முடிவு செய்யட்டும். பக்கத்து வீட்டு அண்ணன் வேண்டாம்.

"வயித்துல 14 ஊசி போடுவாங்க." அது தாத்தா காலம். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்தை இந்தியாவே 2004இல் கைவிட்டுவிட்டது. இன்று பெரும்பாலும் 4 அல்லது 5 ஊசி, மேல்கையில். கர்ப்பிணிகளும் போட்டுக்கொள்ளலாம். மீன், முட்டை, கோழி எதற்கும் பத்தியம் இல்லை. தாயத்து கட்டுவது உங்கள் நம்பிக்கை. கட்டிக்கொண்டாவது ஊசிக்கு வந்துவிடுங்கள்.

இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்றும் காத்திருக்காதீர்கள்: நோய் தலைகாட்டுமுன் கண்டுபிடிக்க இரத்தப் பரிசோதனை கிடையாது.

ஊசி தொடங்கிய பிறகு

ஆழமான கடிக்கு, காயத்தைச் சுற்றியே எதிர்ப்புப் புரத ஊசி ஒன்றும் போடுவோம். வலிக்கும், தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கும்வரை உங்களைக் காப்பது அதுதான். காயத்துக்கு உடனே தையல் போட மாட்டோம், வற்புறுத்தாதீர்கள். முதல் ஊசிக்கு வருகிறவர் மூன்றாவதற்கு வருவதில்லை: காயம் ஆறிவிட்டதாம். ஆறியது தோல். கிருமி நரம்பு வழியாக மூளைக்குப் போக வாரங்களோ மாதங்களோ எடுத்துக்கொள்ளும். தாமதமாகிவிட்டதே என்று கூச்சப்பட்டும் வராமல் இருக்காதீர்கள்; அறிகுறி தோன்றாதவரை ஊசிக்கு நேரம் இருக்கிறது.

பெற்றோரே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நாய் கடித்ததைப் பிள்ளைகள் மறைக்கிறார்கள், அடி விழும் என்ற பயத்தில். "சொன்னால் திட்ட மாட்டேன்" என்று இன்றே சொல்லி வையுங்கள். பள்ளி விட்டு வந்ததும் காலைப் பாருங்கள். வீட்டு நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடுங்கள். கடித்த அன்றே சுங்கை சிப்புட் மருத்துவமனைக்கு வாருங்கள், இரவானாலும் சரி.