ஆறு நிமிடம் எங்கே போனது?

‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5’ விளையாட்டின் ஆன்லைன் பகுதி 2013 அக்டோபரில் தொடங்கியது. கம்ப்யூட்டருக்கு 2015ல் வந்தது. ஜிடிஏ ஆன்லைன் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதை விளையாடியவர்கள் எல்லோரும் அறிந்த தொல்லை ஒன்று உண்டு. தனியாளாக ஆடும் கதைப் பகுதி ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலே திறந்துவிடும். ஆன்லைன் பகுதிக்குள் நுழைய வேண்டுமென்றால் நாலு நிமிடம், ஐந்து நிமிடம், சிலருக்கு அதற்கும் மேலே மேகக் காட்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இது வருடக்கணக்காக நடந்தது. பெரிய விளையாட்டு, இணையத்தில் இயங்குகிறது, நேரம் ஆகத்தான் செய்யும் என்று ஆட்டக்காரர்கள் பழகிப்போனார்கள். தன் கம்ப்யூட்டர் பழசு என்று நினைத்துக்கொண்டவர்களும் ஏராளம்.

2021 பிப்ரவரி கடைசி நாளில், இதற்கான காரணத்தை ஒரு புரோகிராமர் எழுதி வெளியிட்டார். அவர் அந்த விளையாட்டைத் தயாரித்த ராக்ஸ்டார் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர் அல்ல. விளையாட்டின் மூல நிரல் அவர் கையில் இல்லை. பழைய ஏஎம்டி சிபியு உள்ள தன் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, வெளியே இருந்தபடியே கோளாறு எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். அதைத் திருத்தியும் காட்டினார். அவர் கம்ப்யூட்டரில் ஆறு நிமிடம் எடுத்த வேலை 1 நிமிடம் 50 நொடியில் முடிந்தது. ஏறக்குறைய 70 சதவீதம் மிச்சம்.

நிரல் எழுதக் கற்றுக்கொள்ளும் ஒவ்வொருவரும் இந்தச் சம்பவத்தைப் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். எங்கே நேரம் போகிறது என்று ஊகிக்காமல் அளந்து பார்ப்பது எப்படி என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் உதாரணம் வேறு எனக்குத் தெரியவில்லை. அவர் செய்ததை அதே வரிசையில் பார்ப்போம்.

அவர் முதலில் திறந்தது விண்டோஸில் எல்லோரிடமும் இருக்கும் டாஸ்க் மேனேஜர். ஒரு கம்ப்யூட்டர் நம்மைக் காக்கவைக்கிறது என்றால் பொதுவாக நாலு காரணங்களில் ஒன்றாக இருக்கும்: ஹார்டு டிஸ்க்கிலிருந்து தரவு வர வேண்டும், நெட்வொர்க்கிலிருந்து பதில் வர வேண்டும், கிராஃபிக்ஸ் கார்டு எதையோ தயார்செய்கிறது, அல்லது சிபியு கணக்குப் போடுகிறது. நாலுக்கும் டாஸ்க் மேனேஜரில் தனித்தனி வரைபடம் இருக்கிறது. விளையாட்டு திறக்கும்போது முதல் ஒரு நிமிடம் எல்லாம் கலந்து வேலை செய்தன. கதைப் பகுதிக்கும் ஆன்லைனுக்கும் பொதுவான கோப்புகள் அப்போது ஏறுகின்றன. அதற்குப் பிறகுதான் விஷயம். டிஸ்க் ஓய்ந்துவிட்டது. நெட்வொர்க் ஓய்ந்துவிட்டது. கிராஃபிக்ஸ் கார்டுக்கும் வேலை இல்லை. சிபியுவின் பல கோர்களில் ஒன்றே ஒன்று மட்டும் நாலு நிமிடத்துக்கும் மேலாக முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த ஒரு காட்சியிலேயே பாதி விடை கிடைத்துவிட்டது. இணைய வேகம் காரணம் இல்லை, சர்வரும் காரணம் இல்லை. விளையாட்டு தன் சொந்த நிரலில் எதையோ திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறது. அது என்ன என்பதுதான் கேள்வி.

அதற்கான கருவிக்குப் புரொஃபைலர் என்று பெயர். பெயர் கனமாக இருந்தாலும் வேலை எளிது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலை மிகச் சிறு இடைவெளிகளில் ஒரு கணம் நிறுத்தி, ‘இப்போது எந்தச் செயற்கூறுக்குள் (ஃபங்ஷன்) இருக்கிறாய், உன்னை அழைத்தது யார், அதை அழைத்தது யார்’ என்று குறித்துக்கொண்டு மறுபடி ஓடவிடும். இப்படி ஆயிரக்கணக்கான குறிப்புகள் சேர்ந்ததும் எண்ணிப் பார்த்தால் போதும். நூறு குறிப்புகளில் நாற்பது ஒரே செயற்கூறைக் காட்டினால், நேரத்தில் சுமார் நாற்பது சதவீதம் அங்கேதான் கழிகிறது. இந்தக் குறிப்புகளைப் படமாக வரையும் முறை ஒன்றை பிரெண்டன் கிரெக் என்ற பொறியாளர் 2011ல் உருவாக்கினார். ஃபிளேம் கிராஃப் என்று பெயர். எந்தப் பட்டை அகலமாக இருக்கிறதோ அங்கே நேரம் போகிறது, பார்த்ததும் தெரிந்துவிடும். இன்று பெரும்பாலான புரொஃபைலர்களில் அது இருக்கிறது.

மூல நிரல் இல்லாதபோது புரொஃபைலரில் செயற்கூறுகளின் பெயர் வராது, வெறும் நினைவக முகவரிகள்தான் வரும். அதுவே போதுமானதாக இருந்தது. குறிப்புகள் எல்லாம் இரண்டே இரண்டு இடங்களில் குவிந்திருந்தன. அந்த முகவரிகளில் என்ன நடக்கிறது என்று படிக்க டிஸ்அசெம்ப்ளர் தேவை. சிபியுவுக்கு மட்டுமே புரியும் கட்டளைகளை மனிதர் படிக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றித் தரும் மென்பொருள் அது. ஒரு காலத்தில் நல்ல டிஸ்அசெம்ப்ளர் வாங்கப் பெரும் பணம் வேண்டும். 2019 மார்ச்சில் அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை தான் பயன்படுத்திவந்த கீட்ரா என்ற கருவியை எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்ட பிறகு மாணவர்கள்கூட இந்த வேலையைக் கற்றுக்கொள்ள முடிகிறது. ஜிடிஏயின் நிரல் டிஸ்க்கில் படிக்க முடியாதபடி மறைத்து வைக்கப்பட்டிருந்தது. ஆனால் ஓடும்போது அது நினைவகத்தில் விரிந்தாக வேண்டும். எனவே அவர் ஓடிக்கொண்டிருக்கும் விளையாட்டின் நினைவகத்தையே நகலெடுத்துப் படித்தார்.

முதல் இடத்தில் இருந்தது ஒரு ஜேசன் கோப்பைப் படிக்கும் நிரல். ஜேசன் என்பது தரவைச் சாதாரண எழுத்தாக எழுதி வைக்கும் முறை. கோப்பின் அளவு சுமார் 10 எம்பி. அதில் சுமார் 63,000 பதிவுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பொருளின் பெயர், விலை, வகை போன்ற விவரங்கள் இருந்தன. விளையாட்டுக்குள் வாங்கக்கூடிய பொருட்களின் பட்டியலாகத்தான் அது இருக்க வேண்டும். 10 எம்பி என்பது இன்றைய கம்ப்யூட்டருக்கு ஒரு பொருட்டே இல்லை. நொடிக்குள் படித்துவிடலாம். பிறகு ஏன் நிமிடக்கணக்கில் ஆனது?

அந்த நிரல் ஒவ்வொரு மதிப்பையும் படிக்க எஸ்ஸ்கேன்எஃப் என்ற செயற்கூறைப் பயன்படுத்தியது. சி மொழி படித்தவர்கள் கல்லூரி ஆய்வகத்திலேயே பயன்படுத்தியிருப்பார்கள். சி மொழியில் ஒரு சரம், அதாவது எழுத்துகளின் தொடர், எவ்வளவு நீளம் என்பது எங்கேயும் எழுதிவைக்கப்படுவதில்லை. எழுத்துகள் வரிசையாக நிற்கும், கடைசியில் ஒரு பூஜ்யம் இருக்கும். நீளம் தெரிய வேண்டுமானால் பூஜ்யம் வரும்வரை ஒவ்வொரு எழுத்தாக நடந்து போய்ப் பார்க்க வேண்டும். இதைச் செய்யும் செயற்கூறு ஸ்டர்லென். எஸ்ஸ்கேன்எஃப் வேலையைத் தொடங்கும்போதே உள்ளுக்குள் ஸ்டர்லென்னை அழைக்கிறது. வெளியே இருப்பவருக்கு இது தெரியாது. சி மொழியின் விதிமுறைகளிலும் இதற்குத் தடை ஒன்றும் இல்லை.

என்ன ஆகிறது பாருங்கள். 45000 என்று ஒரு விலை இருக்கிறது. படிக்க வேண்டியது ஐந்தே இலக்கம். எஸ்ஸ்கேன்எஃப் முதலில் அந்த இடத்திலிருந்து கோப்பின் கடைசிவரை நடந்து நீளத்தைப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து, அந்த ஐந்து இலக்கத்தைப் படிக்கிறது. அடுத்த மதிப்புக்கு மறுபடி கடைசிவரை நடை. அதற்கடுத்த மதிப்புக்கும் அப்படியே. ஒரு பதிவுக்கு ஒரே ஒரு தடவை என்று குறைத்துக் கணக்கிட்டாலும், சராசரியாக 50 லட்சம் எழுத்துகள் வீதம் 63,000 தடவை. அதாவது 31,500 கோடி எழுத்துகள். ஒரு பதிவில் பல மதிப்புகள் இருந்ததால் உண்மையான எண்ணிக்கை இதற்கும் பல மடங்கு. ஒரு கோடி எழுத்துள்ள கோப்பைப் படிக்க இவ்வளவு நடை.

இரண்டாவது இடம் இன்னும் எளிமையானது. படித்த பொருளைப் பட்டியலில் சேர்க்கும் முன், அது ஏற்கெனவே இருக்கிறதா என்று விளையாட்டு சோதித்தது. கல்யாண வீட்டில் மொய் எழுதுபவர், புதிதாக ஒருவர் வரும்போதெல்லாம் நோட்டின் முதல் பக்கத்திலிருந்து எல்லாப் பெயரையும் படித்துவிட்டு அப்புறம் எழுதினால் எப்படி இருக்கும், அப்படித்தான். பத்துப் பேர் வரும்வரை ஒன்றும் தெரியாது. 63,000 பொருட்கள் வந்தால் மொத்த ஒப்பீடுகள் 198 கோடியைத் தாண்டும். இத்தனைக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஹாஷ் என்னும் அடையாள எண் ஏற்கெனவே இருந்தது. அந்த எண்ணை வைத்து நேராக உரிய இடத்துக்குப் போய்ப் பார்க்கும் ஹாஷ் மேப் என்ற அமைப்பு கணினி அறிவியலில் மிகப் பழசு. அதைப் பயன்படுத்தியிருந்தால் ஒரு பொருளுக்கு ஓரிரு பார்வையில் முடிந்திருக்கும். அதைவிட வருத்தம், அந்தக் கோப்பில் எந்தப் பொருளும் இரண்டு முறை வரவில்லை. 198 கோடி ஒப்பீடும் எதையும் கண்டுபிடிக்காமலே முடிந்தது.

காரணம் தெரிந்ததும் அவர் ஒரு சிறு டிஎல்எல் (வேறொரு நிரலுக்குள் ஏற்றி ஓடவிடக்கூடிய நிரல் கோப்பு) எழுதினார். ஓடும் விளையாட்டுக்குள் அதைச் செலுத்தி, இரண்டு செயற்கூறுகளுக்கு வரும் அழைப்பை இடைமறித்தார். ஸ்டர்லென்னை யாராவது மிக நீளமான சரத்துக்கு அழைத்தால், முதல் தடவை மட்டும் அளந்து முடிவிடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். அதே சரத்துக்குள் அடுத்தடுத்து எங்கிருந்து கேட்டாலும் ஒரு கழித்தலில் பதில் வந்துவிடும். பொருள் சேர்க்கும் இடத்தில் அந்தச் சோதனையையே விட்டுவிட்டு நேராகச் சேர்த்தார். இரட்டிப்புச் சோதனையை மட்டும் திருத்தியபோது ஆறு நிமிடம் நாலரை நிமிடமானது. ஜேசன் படிப்பதை மட்டும் திருத்தியபோது 2 நிமிடம் 50 நொடி. இரண்டையும் சேர்த்துத் திருத்தியபோதுதான் 1 நிமிடம் 50 நொடி வந்தது. ஒவ்வொன்றையும் தனித்தனியே திருத்தி அளந்து பார்த்திருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். இரண்டையும் ஒரேயடியாக மாற்றியிருந்தால் எது எவ்வளவு தந்தது என்று தெரிந்திருக்காது.

ராக்ஸ்டார் இதைச் சரிபார்த்து ஒப்புக்கொண்டது. 2021 மார்ச் 16ஆம் தேதி வந்த அப்டேட்டில் திருத்தம் சேர்ந்தது. பாதுகாப்புக் குறைகளைக் கண்டுபிடிப்பவர்களுக்குத் தரும் பரிசுத் திட்டத்தின் கீழ், இது பாதுகாப்புக் குறை இல்லை என்றாலும், விதிவிலக்காக அவருக்கு 10,000 டாலர் கொடுத்தார்கள். பாராட்ட வேண்டிய செயல். இப்படி வெளியாள் ஒருவர் நிரலைப் பிரித்துப் பார்த்தால் வழக்கறிஞர் கடிதம் அனுப்பும் நிறுவனங்களும் இருக்கின்றன.

இவ்வளவு பெரிய நிறுவனத்தில் இது எப்படிக் கவனிக்கப்படாமல் போனது? உள்ளே நடந்தது வெளியில் இருக்கும் நமக்குத் தெரியாது. ஆனால் இந்த வகைக் கோளாறின் இயல்பு தெரியும். ஆயிரம் பொருட்கள் இருந்தால் இரட்டிப்புச் சோதனைக்கு 5 லட்சம் ஒப்பீடுகள்தான். கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது, சோதிப்பவருக்குக் குறையே தெரியாது. பொருட்கள் 63 மடங்கு ஆகும்போது வேலை கிட்டத்தட்ட 4,000 மடங்கு ஆகிவிடும். நிரலில் ஒரு வரியும் மாறியிருக்காது, தரவுதான் வளர்ந்திருக்கும். விளையாட்டு எழுதுபவர்கள் ஒரு காட்சிச் சட்டம் 60ல் ஒரு பங்கு நொடிக்குள் முடிகிறதா என்பதை விடாமல் அளப்பவர்கள். திறக்கும் நேரத்துக்கும் அதே போல ஒரு எல்லை வைத்து ஒவ்வொரு அப்டேட்டின்போதும் அளந்திருந்தால், எந்த அப்டேட்டில் காத்திருப்பு கூடியது என்று அன்றைக்கே தெரிந்திருக்கும்.

சி மொழி தெரிந்தவர்கள் இதைப் படித்துவிட்டு அடுத்தவர் தவறு என்று கடந்துபோகவில்லை. சில நாட்களுக்குள்ளேயே, முப்பரிமாண மாதிரிகளைத் திறக்கும் மென்பொருள் ஒன்றை எழுதியிருந்த இன்னொரு புரோகிராமர் தன் நிரலைத் தேடிப் பார்த்து, அதே எஸ்ஸ்கேன்எஃப் கோளாறு தன்னிடமும் இருப்பதாகப் பகிரங்கமாக எழுதித் திருத்தினார். எனக்கு இது மூலக் கண்டுபிடிப்புக்குச் சமமான மதிப்புள்ள செயல்.

நீங்களும் செய்து பார்க்கலாம். டாஸ்க் மேனேஜரில் சிபியு வரைபடத்தின் மேல் வலது கிளிக் செய்து, ஒவ்வொரு கோரையும் தனித்தனியாகக் காட்டும்படி மாற்றுங்கள். எட்டு கோர் உள்ள கம்ப்யூட்டரில் ஒன்று மட்டும் முழுமூச்சாக ஓடினால் மொத்தக் கணக்கில் 12 சதவீதம் என்றுதான் காட்டும், ஏமாந்துவிடுவோம். லினக்ஸில் பெர்ஃப், பைத்தானோடு சேர்ந்தே வரும் சிபுரொஃபைல், குரோம் உலாவியின் டெவலப்பர் கருவிகளில் உள்ள பெர்ஃபார்மன்ஸ் பகுதி, விஷுவல் ஸ்டுடியோவுக்குள்ளேயே இருக்கும் புரொஃபைலர், எல்லாமே கூடுதல் செலவில்லாமல் கிடைப்பவை. உங்கள் நிரலை அதில் ஒருமுறை ஓடவிட்டால், நேரம் போகும் இடம் நீங்கள் நினைத்த இடமாக இருப்பது அபூர்வம் என்பது புரியும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ஆன்லைன் விளையாட்டுகளுக்குள் டிஎல்எல் செலுத்திப் பார்க்காதீர்கள். ஏமாற்று மென்பொருளைத் தடுக்கும் அமைப்புகள் நல்லெண்ணத்தைப் பார்ப்பதில்லை, கணக்கை முடக்கிவிடும். உங்கள் சொந்த நிரலிலேயே தொடங்குங்கள். சி மொழியில் எழுதுகிறவர் என்றால், பெரிய சரம் ஒன்றின் மேல் சுழலுக்குள் எஸ்ஸ்கேன்எஃப் ஓடுகிறதா என்று இன்றே தேடிப் பாருங்கள். இருந்தால், எண் முடிந்த இடத்தில் நின்றுவிடும் ஸ்டர்டால், ஸ்டர்டாஃப் போன்ற செயற்கூறுகளுக்கு மாற்றிவிட்டு, முன்னும் பின்னும் ஆகும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.