கழுத்துக்கு ஒரு கதகதப்பு

பழவேற்காடு என்றதும் ஏரியும் இறாலும் பூநாரையும் நினைவுக்கு வரும். ஆனால், டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கோட்டை கட்டியது துணிக்காக! நூலுக்கு முதலிலேயே சாயமேற்றி, கட்டம் போட்டு நெய்த பழவேற்காட்டுக் கைக்குட்டைகள் ஆப்பிரிக்கா வரை கப்பலேறின.

துணி என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1962 சீனப் போரின்போது போதிய குளிர் உடையில்லாமல் நம் வீரர்கள் இமயத்தில் நின்றார்கள். செய்தி கேட்டு நாடெங்கும் பெண்கள் ஸ்வெட்டரும் மஃப்ளரும் பின்னி அனுப்பினார்கள். எவ்வளவு பெரிய மனசு அது!

இன்றும் நம் வீரர்களுக்காகப் பின்னலாம். வலை முடிந்து பழகிய ஏரிக்கரைக் கைகளுக்கு குரோஷா ஊசி எளிதில் வசப்படும். ஒரு சாண் அகலத்துக்குச் சங்கிலிப் பின்னல் போடுங்கள். பிறகு முன்னும் பின்னுமாக வரிசை வரிசையாக ஏற்றுங்கள். ஐந்தடி நீளம் வந்தால் மஃப்ளர் தயார். பருத்தி வேண்டாம், ஈரம் பட்டால் குளிரும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும். நிறம் கரும்பச்சையோ பழுப்போ இருக்கட்டும்.

அனுப்பும் முன், திருவள்ளூரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில், எங்கே, எப்படி அனுப்புவது என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.