பெங்களூரில் கறியும் சந்தேகமும் சட்டமும்

பெங்களூரில் ஆடு, கோழி, மீனைத் தாண்டியும் பலவகைக் கறி கிடைக்கிறது. குடகு மக்கள் நடத்தும் உணவகங்களில் குடம்புளிச் சாற்றைக் கறுக்கக் காய்ச்சி எடுத்த கச்சம்புளி ஊற்றிய பன்றிக்கறி உண்டு. வடகிழக்கு மாநிலத்தவர் சமைப்பது புகையில் உலர்த்திய பன்றி. ரம்ஜான் மாலைகளில் ஃபிரேசர் டவுன் மாஸ்க் ரோட்டில் காடையும் முயலும் விற்கும்; ஒட்டகக் கறியும் விற்றதுண்டு. ஒரு வீட்டின் விருந்து அடுத்த வீட்டுக்குக் குமட்டலாக இருப்பது இந்நகரில் அன்றாடம்.

அந்த அருவருப்பு சந்தேகமாக மாறியது 2024 ஜூலை 26 அன்று. ராஜஸ்தானிலிருந்து ரயிலில் வந்த இறைச்சிப் பெட்டிகளை நகரின் முதன்மை ரயில் நிலையத்தில் மறித்த சிலர், உள்ளே இருப்பது நாய்க்கறி என்றனர். மாதிரிகள் ஹைதராபாத்தின் தேசிய இறைச்சி ஆராய்ச்சி நிலையத்துக்குப் போயின. இத்தகைய சோதனைக்கு நகத்தளவு சதை போதும். அதன் மரபணுத் துண்டைப் பல மடங்கு பெருக்கி, ஆடு, மாடு, நாய் எனத் தெரிந்த இனங்களின் மரபணுவோடு ஒப்பிடுவார்கள். வெந்த கறியிலும் இனம் தெரிந்துவிடும். முடிவு: ஆட்டிறைச்சி. நீண்ட வாலும் புள்ளிகளும் கொண்ட சிரோஹி ஆட்டைப் பார்த்து நாய் என்று எண்ணியிருக்கலாம் என்று உணவுப் பாதுகாப்புத் துறை விளக்கியது. வெளிமாநிலத்திலிருந்து வரும் கறி எவ்வளவு குளிரில், எத்தனை மணி நேரம் பயணம் செய்கிறது என்பதே உண்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. வதந்தியின் இரைச்சலில் அது அமுங்கிப்போனது.

சட்டத்தின் கணக்கு வேறு. 2011-இல் வந்த மத்திய உணவுத் தர விதிகள் செம்மறி, வெள்ளாடு, பன்றி, மாட்டினம், கோழியினம், மீன் ஆகியவற்றையே உணவுக்குரிய விலங்குகளாக வரையறுத்தன. நாய், ஒட்டகம், கழுதை அதில் இல்லை. முறையான வெட்டுக்கூடம் இல்லை என்ற காரணத்தால் 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒட்டகம் வெட்டத் தடை விதித்தது. மாட்டினம் மத்தியப் பட்டியலில் இருந்தாலும், 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த கர்நாடகச் சட்டப்படி 13 வயதைக் கடந்த எருமையை மட்டுமே, அதுவும் சான்று பெற்று, வெட்டலாம். மீறினால் 3 முதல் 7 ஆண்டு சிறை.

பட்டியலுக்கும் வழக்கத்துக்கும் இடையிலான மோதல் நாகாலாந்தில் கூர்மையாக வெளிப்பட்டது. சாக்குக்குள் கட்டிவைத்த நாய்களின் படம் பரவியதும், 2020 ஜூலையில் அம்மாநில அரசு நாய்க்கறி விற்பனையைத் தடைசெய்தது. 2023 ஜூனில் கௌஹாத்தி உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது: உத்தரவிட்ட தலைமைச் செயலருக்கு அந்த அதிகாரம் இல்லை, நாகர்களிடையே அது இன்றும் நிலவும் உணவு வழக்கம். விலங்கைத் துன்புறுத்துவது குற்றம் என்பதும் ஒரு மக்களின் உணவு இழிவு என்பதும் தனித்தனி வாதங்கள். இரண்டையும் குழப்புவது அநியாயம். தென் கொரியாவோ தன் பழைய வழக்கத்தைத் தானே கைவிடுகிறது. 2024-இல் இயற்றிய சட்டப்படி 2027 முதல் அங்கே உணவுக்காக நாய் வளர்ப்பதும் விற்பதும் குற்றம்.

காட்டு விலங்குகள் விஷயத்தில் வழக்கம் என்ற வாதம் எடுபடாது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பு முதல் அட்டவணையில் உள்ளது. உடும்புக் கறி உடலுக்கு வலு என்று நம்பி அதைப் பிடிப்பவருக்கு 3 முதல் 7 ஆண்டு சிறையும், 2022 திருத்தத்துக்குப் பின் குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படும். பண்ணைக் காடையைத் தாராளமாக வாங்கலாம். பன்னேருகட்டா காட்டோரத்தில் கண்ணிவைத்துப் பிடித்த கௌதாரியைக் கையில் வைத்திருப்பதே குற்றம்.