விற்பனை நின்ற போனை வாங்கலாமா?

எல்ஜி ஜி8எக்ஸ் என்ற போன் 2019 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்தபோது விலை 49,999 ரூபாய். கழற்றி மாட்டக்கூடிய இரண்டாவது திரைதான் அதன் கவர்ச்சி. அடுத்த அக்டோபரில், பண்டிகைத் தள்ளுபடியில், அதே போன் 19,990 ரூபாய்க்கு விற்றது. 2021 ஏப்ரலில் போன் தொழிலை விட்டே விலகுவதாக எல்ஜி அறிவித்தது. 2025 ஜூன் 30-ஆம் தேதியோடு அதன் அப்டேட் சர்வர்களும் மூடப்பட்டன.

ஐபோன் 11-இன் கதை வேறு. 2019 செப்டம்பரில் வெளியாகி, இங்கே 64,900 ரூபாய்க்கு விற்பனையைத் தொடங்கியது. 2020-இல் நம் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையிலேயே அதைத் தயாரிக்க ஆரம்பித்தார்கள். 2022 செப்டம்பரில் ஆப்பிள் அதன் விற்பனையை நிறுத்தியது. ஆனாலும், 2025 செப்டம்பரில் வெளிவந்த ஐஓஎஸ் 26 அதற்கும் கிடைத்தது. ஓராண்டு மூத்த ஐபோன் எக்ஸ்ஆருக்குக் கிடைக்கவில்லை.

இரண்டையும் பற்றிக் கடைக்காரர் சொல்வது ஒன்றுதான்: "இந்த மாடலை நிப்பாட்டிட்டாங்க சார், அதான் இந்த ரேட்." நாகமலை புதுக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி, மதுரை பெரியார் பஸ் நிலையத்தில் இறங்கி, மீனாட்சி பஜாரில் பழைய போன் தேடும் கல்லூரி மாணவர் அந்த இடத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நின்றது விற்பனை மட்டும்தானா, வேறு எதெல்லாம் நின்றுவிட்டது? அப்டேட், பேட்டரி, டவர், உதிரிபாகம் ஆகிய நான்கும் ஒரே நாளில் நிற்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் தனிக் கெடு.

அப்டேட்டின் கெடு

ஆண்ட்ராய்டு போனுக்கு ஓர் அப்டேட் வந்துசேர மூன்று கை மாற வேண்டும். பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் நிரலைக் கூகுள் வெளியிடும். குவால்காம், மீடியாடெக் போன்ற சிப் கம்பெனிகள் தங்கள் சிப்பை இயக்கும் நிரல்களைத் திருத்தித் தரும். போன் கம்பெனி எல்லாவற்றையும் தன் மாடலுக்குப் பொருத்தி, சோதித்து அனுப்பும். நடுவில் உள்ள சிப் கம்பெனி பழைய சிப்பைக் கைவிட்டால் மற்ற இருவரும் மனம் வைத்தாலும் வேலை நகர்வது கடினம். ஐபோனுக்கு முக்கியச் சிப்பை வடிவமைப்பதும் மென்பொருள் எழுதுவதும் ஆப்பிளே. பழைய ஐபோன்கள் கூடுதல் காலம் தாக்குப்பிடிக்க இது ஒரு பெரிய காரணம்.

கெடு எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். நாம் வாங்கிய நாளிலிருந்து அல்ல, மாடல் வெளியான காலத்திலிருந்து. 2023-இல் பிக்சல் 8-க்குக் கூகுளும், 2024-இல் கேலக்ஸி எஸ்24-க்குச் சாம்சங்கும் ஏழாண்டு அப்டேட் தருவதாக அறிவித்தன. அதற்கு முந்தைய மாடல்களுக்கு அவ்வளவு நீண்ட வாக்குறுதி இல்லை. நான்காண்டுக் கெடு உள்ள ஒரு போனை மூன்றாம் ஆண்டு முடிவில் வாங்கினால் நம் பங்குக்கு மிஞ்சுவது ஓராண்டுதான்.

அப்டேட் நின்ற மறுநாளும் போன் வழக்கம்போல ஓடும், படம் எடுக்கும், பாட்டுப் பாடும். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் மட்டும் அடைபடாமல் கிடக்கும். ஜிபேயும் வங்கிக் கணக்கும் இருக்கிற போனில் இது சின்ன விஷயமில்லை. பிறகு செயலிகள் ஒவ்வொன்றாகக் கைவிடும். ஆண்ட்ராய்டு 4.4-லும் அதற்கு முந்தையவற்றிலும் வாட்ஸ்அப் 2025 ஜனவரி 1 முதல் வேலை செய்வதில்லை. ஐபோன் 5எஸ், 6, 6 பிளஸ் ஆகியவற்றில் அதே ஆண்டு மே 5-இல் நின்றது.

ஆண்ட்ராய்டு போனைக் கையில் வாங்கியதும் கேமராவைத் திறப்பதற்கு முன் செட்டிங்ஸுக்குப் போய் 'செக்யூரிட்டி அப்டேட்' என்ற இடத்தில் உள்ள தேதியைப் பாருங்கள். அது ஓராண்டுக்கு மேல் பழையது என்றால், அநேகமாகக் கெடு முடிந்துவிட்டது.

பேட்டரியின் கெடு

லித்தியம் அயனி பேட்டரியில் சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட் பக்கம் போய்த் தங்கும். சார்ஜ் இறங்கும்போது எதிர்ப்பக்கம் திரும்பும். இந்தப் போக்குவரத்தில் கொஞ்சம் லித்தியம் வழியிலேயே வேதிவினைக்கு உட்பட்டு, உப்புத் தண்ணீர் கொதிக்கும் பானையின் அடியில் படிவதுபோல, கிராஃபைட்டின் மேல் படலமாக ஒட்டிக்கொள்ளும். படலம் தடிக்கத் தடிக்கக் கொள்ளளவு குறையும், உள்தடை கூடும். உள்தடை கூடிய பேட்டரியிடம் போன் திடீரென்று அதிக மின்னோட்டம் கேட்டால் வோல்டேஜ் சரிந்துவிடும். 30 சதவீதம் காட்டும் போன் பட்டென்று அணைவது இப்படித்தான். இதைத் தவிர்க்கப் பழைய ஐபோன்களின் வேகத்தை ஆப்பிள் மென்பொருள் வழியே குறைத்து வந்தது 2017 டிசம்பரில் வெளிப்பட்டு, உலகெங்கும் சர்ச்சையானது.

ஐபோன் 14 வரையிலான மாடல்களின் பேட்டரி, உகந்த சூழலில் 500 முழுச் சுற்றுக்குப் பின் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும்படி செய்யப்பட்டது என்கிறது ஆப்பிள். இன்று பாதி, நாளை பாதி செலவழித்தால் அது ஒரு சுற்று. போனைப் பயன்படுத்த ஏற்ற வெப்பநிலை 35 டிகிரி வரை என்பதும் அதே கம்பெனியின் கணக்கு. சித்திரையில் 40 டிகிரியைத் தொடும் மதுரையில் அந்த உகந்த சூழலை எங்கே தேடுவது?

'பாக்ஸ் பிரிக்காத பழைய ஸ்டாக்' என்று சொல்லித் தருவதிலும் இதே சிக்கல் உண்டு. பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் பேட்டரிக்கு வயதாகும். அலமாரியில் பல ஆண்டு கிடந்து சார்ஜ் அடியோடு வற்றிப்போனால் உள்ளேயே சேதமாகலாம். நல்லவேளையாக, நான்கு கெடுவில் காசு கொடுத்துப் புதுப்பிக்கக்கூடியது பேட்டரிதான். அந்தச் செலவை விலையோடு சேர்த்தே பேசுங்கள்.

டவரின் கெடு

2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது 4ஜி போன் வைத்திருந்தவர்கள் பலர் திகைத்தார்கள். இன்டர்நெட் கிடைத்தது, கால் போகவில்லை. ஜியோவில் பேச்சும் 4ஜி வழியேதான் போகும். அதற்கான வோல்ட்டி வசதி அந்தப் போன்களில் இல்லை. 2022 அக்டோபரில் தொடங்கிய 5ஜியிலும் இதே வகைச் சங்கடம் உண்டு. ஐபோன் 11-இல் 5ஜி அறவே கிடையாது. 2020 வாக்கில் இங்கே வந்த தொடக்ககால 5ஜி போன்கள் பலவற்றில் ஒன்றிரண்டு அலைவரிசைகளே உண்டு.

நாகமலை அடிவாரத்தில் குடியிருப்பவருக்கு இது வெறும் ஏட்டுச் சங்கதியல்ல. 3,500 மெகாஹெர்ட்ஸ் அலை வேகமாகத் தகவல் தரும். ஆனால் பாறையும் சுவரும் அதை எளிதில் மறித்துவிடும். 700 மெகாஹெர்ட்ஸ் அலை நீளமானது. தடையின் விளிம்பில் வளைந்து அப்பாலும் போகும், சுவரையும் ஓரளவு ஊடுருவும். ஜியோ 5ஜியும் பிஎஸ்என்எல் 4ஜியும் இந்த அலையைப் பயன்படுத்துகின்றன. ஆகவே போனின் விவரப் பட்டியலில் 4ஜிக்கு 'பேண்ட் 28', 5ஜிக்கு 'என்28' இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடையிலேயே உங்கள் சிம்மைப் போட்டு ஒரு கால் பேசிப் பாருங்கள்.

உதிரிபாகமும் பூட்டும்

விற்பனை நின்று ஐந்தாண்டு கடந்த போனை ஆப்பிள் 'விண்டேஜ்' என்று வகைப்படுத்தும். ஏழாண்டு கடந்தால் சர்வீஸே கிடையாது. மற்ற கம்பெனி போன்களுக்கு, பஜாரில் கிடைக்கும் டிஸ்ப்ளே காம்போ, அதாவது திரையும் தொடுபரப்பும் சேர்ந்த பாகம்தான் நம்பிக்கை. ஊரில் அதிகம் விற்ற மாடலுக்கு அது எளிதில் கிடைக்கும், அபூர்வ மாடலுக்குக் கிடைக்காது. ஐபோன் 11-இல் டிஸ்ப்ளே மாற்றியிருந்து அது ஒரிஜினல் இல்லையென்றால், செட்டிங்ஸின் 'அபவுட்' பக்கமே காட்டிக்கொடுக்கும். அங்குள்ள மாடல் எண் 'எம்' என்று தொடங்கினால் புதிதாக விற்றது, 'எஃப்' என்றால் புதுப்பித்தது, 'என்' என்றால் மாற்றாகக் கொடுத்தது.

திருட்டுப் போனா என்பதையும் சோதிக்கலாம். *#06# அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி, இடம் விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அரசின் பதிவேட்டிலிருந்து பதில் வரும். 'பிளாக்லிஸ்ட்' என்றோ, 'டூப்ளிகேட்' என்றோ வந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பழைய சொந்தக்காரரின் கூகுள் அல்லது ஐக்ளவுட் கணக்கை உங்கள் கண்ணெதிரே நீக்கச் சொல்லுங்கள். கணக்கு நீங்காத போன் ரீசெட் ஆனால் பழைய பாஸ்வேர்டு இல்லாமல் திறக்காது. பில்லையும் கேட்டு வாங்குங்கள்.

கணக்குப் போடும் முறை

போனின் விலையையும் பேட்டரிச் செலவையும் கூட்டி, மீதமுள்ள அப்டேட் ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, பழைய போன் 12,000, பேட்டரி 2,000, மீதி இரண்டு ஆண்டு என்றால் ஆண்டுக்கு 7,000. நான்காண்டு அப்டேட் உள்ள 16,000 ரூபாய்ப் புதுப்போன் ஆண்டுக்கு 4,000-தான். நல்ல கேமராவுக்கும் திரைக்கும் ஆண்டுக்கு 3,000 கூடுதலாகக் கொடுக்க மனம் ஒப்பினால் பழையதை வாங்கலாம், தவறில்லை. மீதி ஆண்டு பூஜ்யம் என்றால் வகுக்கவே முடியாது. அந்தப் போனைப் பாட்டுக் கேட்கவோ படம் எடுக்கவோ வைத்துக்கொள்ளலாம். வங்கிக் கணக்கை அதில் ஏற்றக் கூடாது.