கன்று மெலிவதேன்?

கன்று மெலிந்தால் கண்ணேறு என்று கறுப்புக் கயிறு கட்டுவோர் உண்டு. கள்வன் வயிற்றுக்குள் இருக்கலாம்!

மாட்டு வயிற்றில் நான்கு அறைகள். நான்காவதில்தான், நம் இரைப்பையைப் போல, புளிப்பு நீர் சுரக்கிறது. ஹீமாங்கஸ் என்ற புழு குடியேறுவது அங்கேதான். வெள்ளையும் சிவப்பும் முறுக்கிய நூல் போலிருக்கும். நீளம் 2 அல்லது 3 சென்டிமீட்டர். அந்தச் சிவப்பு, அது குடித்த இரத்தம். சிறு பல்லால் வயிற்றின் உட்சவ்வைக் குத்திக் குடிக்கிறது. இடம் மாறிய பிறகும் பழைய புண் கசிகிறது. கன்றின் கண் உட்புறம் வெளுக்கிறது. தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்குகிறது. கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.

குளிர் நாடுகளில் அதிகம் காணும் ஆஸ்டர்டேஜியா இன்னும் பொல்லாதது. அதன் இளம்புழு, உட்சவ்வின் சுரப்பிகளுக்குள்ளேயே புகுந்து வளரும். புளிப்புக் குறைந்து புரதம் சரியாகச் செரிக்காது. தின்பது உடம்பில் ஒட்டாது.

எப்படி வருகிறது? சாணத்தில் விழும் முட்டை பொரித்து, சுமார் ஒரு வாரத்தில் இளம்புழு ஈரப் புல்லில் ஏறிக் காத்திருக்கும். அடையாற்றங்கரை ஈக்காட்டுத்தாங்கலின் பெயரிலேயே நீர் இருக்கிறது. தாங்கல் என்றால் நீர்நிலை. இத்தகைய இடங்களில் பனி உலர்ந்தபின் கன்றை மேயவிடுவது நல்லது.

1903-ல் பக்கத்துச் சைதாப்பேட்டையில் பிறந்த சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி இன்று வேப்பேரியில் இருக்கிறது. அங்கோ, அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடமோ சிறிது சாணம் கொண்டுபோனால் முட்டை உண்டா என்று சோதிப்பார்கள். மருந்தின் அளவு மாட்டின் எடையைப் பொறுத்தது. கறவை மாடானால், எத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.